யானை மேல் நான் போட்ட பழி

என் கணவர் தேவராசாவை யானை கொல்லவில்லை. யானைதான் கொன்றது என்று பொலிஸுக்கும், திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும், செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் சொன்னவள் நான். மண்டூர் முருகன் வாசலுக்கு வந்து போகிற உங்களுக்கு இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால், நான் செய்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

வெல்லாவெளிக்கு அப்பால் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் வயலும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். அப்பா வைத்திருந்த வயலை இரண்டாக்கி அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி கொடுத்தார். ஊர் வயல்வெளியான வட்டையில் எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரம்புதான். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, அதிலும் ஒரு கடப்பு. எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவின் நான்கு பிள்ளைகளும் அந்தக் கடப்பால் வந்து என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அக்கா குழம்பு வைத்தால் என் வீட்டுச் சோறு இறங்கும். அப்படி இருந்தோம்.

அது தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு கிழமை. கதிர் பால் பிடித்திருந்தது. அந்த வாசம் காட்டுக்குப் போனால் யானை வந்துவிடும். மூன்று நாளுக்கு முதல் வந்து, அக்காவின் வயலில் ஒரு மூலையைத் துவைத்துவிட்டுப் போயிருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், பக்கத்துத் தூணில் போகிற மின்சாரக் கம்பியில் களவாகக் கொக்கி போட்டுக் கொழுவி, வரம்பு நீளத்துக்குத் தடி நட்டு வெறுங்கம்பி இழுத்துவிட்டார். அவர் மட்டுமில்லை, அந்த வட்டையில் இன்னும் சிலரும் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். இருட்டும்போது கொழுவுவது, விடியுமுன் கழற்றுவது. அதுதான் வழக்கம். அன்று அவர் அயர்ந்து தூங்கிவிட்டார். என் ஆள் தேவராசா விடிய நேரத்தோடு தண்ணீர் பார்க்கப் போனார்.

எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப்போனபோது கம்பி அங்கே இல்லை. தடி மட்டும் நின்றது. அவர் வரம்புக்குக் குறுக்கே கிடந்தார். ஒரு கால் தண்ணீருக்குள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய நகம் பதிந்த இடம் இரண்டு நாள் நொந்தது.

"தங்கச்சி, யானை துரத்தி விழுந்தவர் எண்டு சொல்லு. கம்பி எண்டு சொன்னா இந்த மனிசனக் கொண்டு போயிருவாங்க. என்ட நாலும் தெருவில நிக்கும். உனக்கும் அதுகள் புள்ளைகள்தானே."

அத்தான் தூரத்தில் குந்தியிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. சுற்றி நின்ற ஆண்களும் அதையே சொன்னார்கள். யானைத் தடம் இருக்கிறது, சாணமும் கிடக்கிறது, யார் இல்லை என்பான்? யானை அடித்துச் செத்தால் அரசாங்கம் நட்டஈடு தரும், கம்பியில் செத்தால் இருக்கிற ஒரு மனிதனும் சிறைக்கு, மறியலுக்குப் போவான் என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. என் கணவர் செத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, அவருடைய சாவை வைத்து என்ன செய்யலாம் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. நானும் தலையை ஆட்டினேன்.

மரண விசாரணை அதிகாரி வந்து என்னிடம்தான் முதலில் கேட்டார். யானை துரத்தியது, விழுந்தார், எழும்பவில்லை என்றேன். யார் மேலாவது சந்தேகம் உண்டா என்றார். இல்லை என்றேன். உடம்பை வெட்டாமல் தாருங்கள் என்று கெஞ்சவும் செய்தேன். அவர் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்போது அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அந்த மனிதரை நினைத்துக் கும்பிடுகிறேன். அவர் இளகியிருந்தால் எனக்கு இன்றைக்கு ஒரு பிடியும் இருந்திராது.

நான் ஊரில் பெரிய வாய்க்காரி. கடையில், பஸ்ஸில், வயலில் என் சத்தம்தான் முதலில் கேட்கும். என் ஆள் "உன்னை ஒலிபெருக்கி இல்லாமலே கோயிலில் அறிவித்தல் சொல்ல விடலாம்" என்று சிரிப்பார். அந்த வாய் செத்தவீட்டோடு அடைத்துப் போனது. முப்பத்தோராம் நாள் முடிந்து ஆட்கள் போன பிறகுதான் நான் எவ்வளவு தனி என்று தெரிந்தது. வருகிறவர்கள் யானையைத் திட்டுவார்கள். தங்கள் ஊரில் யானை அடித்த கதைகளைச் சொல்லி ஆறுதல் தருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே சொல்வார்கள், நானும் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் கணவரைப் பற்றி உண்மையாக ஒரு வார்த்தை பேச எனக்கு இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அழுதாலும் பொய்க்கு அழுவது போலவே இருக்கும். அதனால் அழுகையும் வராமல் நின்றுவிட்டது.

அத்தான் என் முகத்தைப் பார்க்க மாட்டார். வாவியில் மீன் எடுத்தால் ஒரு கோர்வையைக் கடப்பில் தொங்கவிட்டுவிட்டுப் போவார். நான் அதை எடுத்துச் சமைப்பேன். தொண்டையில் இறங்காது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தினமும் மிஞ்சும். மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அந்தக் கோழிகளோடுதான் கதைப்பேன்.

ஆனியில் ஒரு நாள் எங்கள் பகுதிக் கிராம சேவகர் வந்தார். யானை அடித்ததென்று போட்டிருந்த நட்டஈட்டு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, டொக்டர் வேற மாதிரி எழுதியிருக்கார். கால்ல மின்சாரம் சுட்ட காயம் எண்டு. நான் ஒண்டும் கேக்கல்ல. எழுவான்கரையில இலவச சட்ட உதவி குடுக்கிற இடம் ஒண்டு இருக்கு, செவ்வாய்க்கிழமையில ஆக்களப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார். பொலிஸ் வந்து திரும்பக் கேட்டது. திரும்பவும் யானை என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது நம்மை விடாது, தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கூடவே நிற்கும்.

அடுத்த பெரும்போகம் விதைத்தாயிற்று. கார்த்திகையில் ஒரு நாள் வயலுக்குப் போனேன். அதே வரம்பில், அதே இடத்தில், தடி நட்டுக் கம்பி இழுத்திருந்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. அத்தான் பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு நானாகப் போய் அவரோடு பேசியது அன்றுதான். திரும்பவுமா என்று கேட்டேன்.

"ராவைக்கு மட்டும்தான் புள்ள. இப்ப கவனமாத்தான் கொழுவுறன்."

அந்த வரம்பால் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள், அக்காவின் பிள்ளைகள் போகிறார்கள். அத்தானை நான் கொலைகாரன் என்று நினைத்ததே இல்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் நானும் ஊரும் சேர்ந்து யானையைக் காட்டிக் கொடுத்ததால், அவருக்குத் தான் என்ன செய்தார் என்றே தெரியாமல் போய்விட்டது. கவனமாகத்தான் கொழுவுகிறாராம். அடுத்ததாக யார் விழுந்தாலும் அந்தச் சாவில் எனக்கும் பங்கு என்று அன்று விளங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டூருக்குப் போனேன். அங்கே பூசை செய்கிறவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் செய்வார், மந்திரம் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனையோ வருடம் பார்த்த பூசை. அன்று வேறு மாதிரி இருந்தது. "முருகா, அந்த ஐயா உனக்காக வாயைக் கட்டியிருக்கிறார். நான் எனக்காகக் கட்டியிருக்கிறேன். என்னால் அவிழ்க்க முடியவில்லை, நீ அவிழ்த்து விடு" என்று மனதுக்குள் கேட்டேன். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒவ்வொரு வெள்ளியும் போய் இதை மட்டும் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. சில வெள்ளிகளில் அவன் மேல் கோபம் வந்து கும்பிடாமலே திரும்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இராது.

மார்கழியில் ஒரு விடியற்காலை அக்காவின் பசு அந்தக் கம்பியில் செத்தது. கட்டவிழ்ந்து போய்விட்டது, சினைப் பசு. ஊர் கூடிவிட்டது. நானும் போனேன். அத்தான் சேற்றுக்குள் இருந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ட ஆத்தே, என்ட ஆத்தே" என்று நெஞ்சில் அடித்து அழுதார். அந்த மனிதர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"அத்தான், என்ட ஆளுக்கு நீங்க இப்பிடி அழல்லயே."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. அத்தானின் அழுகை பாதியில் நின்றது. அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "செத்தவர் செத்திட்டார். இருக்கிறவங்களயும் கொல்லப் போறியா நீ?" என்றாள். அன்று மத்தியானமே கடப்புக்குத் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மண்டூரில் பாதை ஏறி வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போனேன். எங்களுக்குப் பாதை என்றால் வாகனமும் ஆளும் ஏற்றிக் கரை சேர்க்கிற அந்தத் தட்டைப் படகுதான். சட்ட உதவி அலுவலகத்தில் இருந்தது முக்காடு போட்ட ஒரு இளம் சட்டத்தரணி. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பதினொரு மாதத்துப் பேச்சு. அந்தப் பிள்ளை நடுவில் ஒரு தடவையும் மறிக்கவில்லை.

வழக்கு என்றால் ஒன்றுதான், மறியல்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அப்படி இல்லை என்று விளக்கினார். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது என்று நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுகிற வழக்கு ஒன்று. அது அரசாங்கத்தின் வழக்கு, நான் போடுவதோ வாபஸ் வாங்குவதோ இல்லை, உண்மையைச் சொல்வது மட்டும்தான் என் வேலை. நட்டஈடு கேட்டு நானே மாவட்ட நீதிமன்றத்தில் போடக்கூடிய வழக்கு இன்னொன்று. அதை இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு ஒன்று முடியப் போகிறது என்றார். போடுவதும் விடுவதும் என் விருப்பம். வழக்கு நடக்கும்போதே இணங்கித் தீர்ப்பதற்கும் இடம் உண்டு. முன்பு பொய் சொன்னேனே என்று கேட்டேன். அது பிழைதான், அதற்காகக் கேள்வி வரும், ஆனால் நீங்களாக முன்வந்து மேலதிக வாக்குமூலம் கொடுப்பதுதான் நல்லது, டொக்டரின் அறிக்கை உங்கள் பக்கம் இருக்கிறது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று கேட்டார்.

என் ஆள் செத்த நாளிலிருந்து அதுவரை என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் நான் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார்கள். "அவர் எப்பிடிச் செத்தார் எண்டு சரியா எழுத வேணும். அந்தக் கம்பி கழற வேணும்" என்றேன். அந்த இடத்தில் வைத்து எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இருக்கட்டும் என்று அழுதேன்.

திங்கட்கிழமை வாருங்கள், ஆஸ்பத்திரி அறிக்கையோடு உங்களைப் பொலிஸுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். தனியாக வராதீர்கள், சொந்தத்தில் யாரையாவது ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் யாரை என்று யோசித்தேன். எங்கள் ஊரில் எனக்குச் சொந்தமில்லாத வீடு இல்லை. ஒரு பெயர் வரவில்லை.

அந்த வெள்ளி மண்டூரில் நின்று, "முருகா, வாயைத் திறந்து விட்டாய். இனி திங்கட்கிழமை அக்கரைக்குப் போய்ப் பொலிஸில் சொல்லும்போது என் பக்கத்தில் நிற்க ஒரு ஆளைத் தா. ஒரே ஒரு ஆள்" என்றேன். இந்த முறை மனதுக்குள் சொல்ல முடியவில்லை. வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் விலகி நின்றார்கள்.

சனி போனது, ஞாயிறு போனது. ஒருவரும் என் படலையைத் தட்டவில்லை. திங்கள் காலையில் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, தனியாகத்தான் போக வேண்டும் போல என்று வெளிக்கிட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் ஒருத்தி நின்றுகொண்டு வந்தாள். மண்டூர்த் துறையில் இறங்கினேன். பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. துறையில், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றார். கையில் ஒரு உரப் பை. அத்தான்.

என்னை மறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி ஓடுவோமா என்றுகூட நினைத்தேன். அவர் கிட்ட வந்தார். முகம் ஒரு கிழமையில் வற்றிப் போயிருந்தது.

"நானும் வாறன் புள்ள."

எங்கே என்று கேட்டேன்.

"நீ போற இடத்துக்குத்தான். வெள்ளிக்கிழம கோயில்ல உனக்குப் பின்னாலதான் நிண்டன். நீ கேட்டது எனக்குக் கேட்டது."

உரப் பைக்குள் கம்பி இருந்தது. தடியிலிருந்து கழற்றிச் சுருட்டிய கம்பி. அக்காவுக்குத் தெரியுமா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பாதையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். நான் முருகனிடம் ஒரு ஆள் கேட்டேன். அவன் எனக்குத் தந்த ஆள் இவர்தான் என்பது வாவியின் நடுவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். பயம் போன்ற ஒன்று.

சட்டத்தரணி எங்களைக் கூட்டிப்போன பொலிஸில் அத்தான் என்னை முந்திக்கொண்டு போய்ப் பையை மேசையில் வைத்தார். "இது என்ட கம்பி. நான்தான் கொழுவினன். இந்தப் புள்ளய நாங்கதான் பொய் சொல்ல வச்சம்" என்றார். அன்றைக்கே அவரை உள்ளே வைத்தார்கள். நான் தனியாகத்தான் பாதை ஏறித் திரும்பினேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் இரண்டு கிழமை விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தார். மின்சாரக் களவுக்குத் தனியாக ஒரு வழக்கு. மரண வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் என்னைக் கூண்டில் ஏற்றி, பொய் சொன்னதற்குச் சபையில் வைத்துக் கடிந்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான். அத்தானுக்கு என்ன தண்டனை வேண்டும் என்பதில் எனக்குச் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டபோது, மறியல் வேண்டாம், வட்டையில் கம்பி வேண்டாம் என்று சட்டத்தரணி மூலம் சொன்னேன். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் தண்டமும் எனக்கு நட்டஈடும் என்று தீர்ந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு நான் போடவில்லை. அது என் முடிவு. உங்களுக்கு இப்படி ஒன்று நடந்து, வளர்க்கப் பிள்ளைகள் இருந்து, நீங்கள் போட்டால் அதில் ஒரு பாவமும் இல்லை. இரண்டு வருடம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாவு நடந்த அன்று யார் என்ன சொன்னாலும், பரிசோதனை வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். நான் கெஞ்சியவள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது எங்கள் வட்டையில் ஒரு கம்பியும் இல்லை. கூட்டம் வைத்து எல்லோரும் கழற்றிவிட்டார்கள். முறை போட்டுக் காவல் இருக்கிறார்கள், யானை வெடி போடுகிறார்கள். போன போகத்தில் யானை வந்து என் வயலில் கால்வாசியைத் தின்றது. தின்னட்டும். நான் அதற்குச் செய்த அநியாயத்துக்கு அது கொஞ்சம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். அக்கா என்னோடு பேசுவதில்லை. இரண்டு வருடமாகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தான் கண்ட இடத்தில் நின்று ஒரு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான். தனிமை அப்படியே இருக்கிறது. ஆனால் முந்திய தனிமையில் என் கணவரும் என்னோடு இல்லை. நான்தான் அவருடைய சாவை வேறு ஆக்கி, அவரை அனுப்பிவிட்டேன். இப்போது அவரைப் பற்றி நினைக்கலாம். அழலாம். கோழிகளிடம் அவரைப் பற்றிச் சத்தமாகக் கதைக்கலாம். வாய்க்காரி திரும்பி வந்துவிட்டாள் என்று சந்தியில் சொல்கிறார்களாம்.

உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் கிடந்தால், முருகன் வாசலுக்கு வாருங்கள். நிறைய வேண்டாம், ஒரு ஆளைத் தா என்று கேளுங்கள். தருவான். யார் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நான் அடுத்த வெள்ளியும் வருவேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் அக்கா அந்தத் தகரத்தைக் கழற்றி, தங்கச்சி என்று ஒருமுறை கூப்பிட வேண்டும்.